ஐந்தடி வேலி

கையை விரித்து நின்ற மூன்றாம் நாள் காலையில் டோர்காஸ் ஆர்கிலுக்குத் தோள்வலி நின்றுவிட்டது. தோள் இருந்த இடத்தில் இலை விட்டிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு நாளும் அந்த வலி அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. அக்குளிலிருந்து விரல்நுனிவரை கயிறு போட்டு இழுத்த மாதிரி இருந்தது, ஈரமண்ணில் புதைந்த கால் விறைத்துப் போனது, பசி வேறு. புருஷன் சேத் ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் எடுத்துக்கொண்டு வந்தபோது பாவாடைக்குக் கீழே பட்டை படர்ந்திருந்தது. கொண்டுவந்ததைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைத் தொட்டான். முள் குத்தியது.

"வலி எப்படி இருக்கு?" என்றான்.

"வலிக்கிறதுக்கு அங்க தோள் இல்லையே," என்றாள் டோர்காஸ். "ஆடு வருது பாரு, அத முதல்ல விரட்டு."

ஸ்கெல்பி என்ற அந்த இங்கிலாந்து ஊரில் அதற்கு இரண்டு வருடம் முன்புவரை வேலியே கிடையாது. மேட்டுப் புல்வெளி ஊருக்குப் பொது. அடுப்பு எரிகிற வீடு ஒவ்வொன்றும் ஒரு பசுவும் ஐந்து வாத்தும் அங்கே மேய்த்துக்கொள்ளலாம். அடுப்பு எரிந்தால் போதும், காகிதம் வேண்டாம். ஆர்கில் வீட்டில் செர்ரி என்று ஒரு செம்பசு இருந்தது. பிறகு லண்டனில் ஒரு சட்டம் போட்டார்கள், மேட்டைப் பங்கு பிரித்தார்கள். மாளிகைக்காரர் சர் பெரிக்ரின் மால்பாஸுக்கு அறுநூற்று நாற்பது ஏக்கர், பாதிரியாருக்குத் தொண்ணூறு, சேத் ஆர்கிலுக்கு மூன்று. மூன்று ஏக்கர் மோசமில்லை, செர்ரிக்குப் போதும், கொஞ்சம் கிழங்கும் போடலாம். ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. அவரவர் பங்கை அவரவர் செலவில் ஒரு வருடத்துக்குள் சுற்றி அடைத்துவிட வேண்டும். மார்ச் இருபத்தைந்து, மாதா நாளன்று, திறப்பு ஏதும் இருந்தால் நிலம் பக்கத்து நிலத்தோடு சேர்ந்துவிடும். சேத்தின் மூன்று ஏக்கருக்கு நாலு பக்கமும் பக்கத்து நிலம் சர் பெரிக்ரினுடையது.

இதில் சேத் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் ஊரே நினைத்தது. அந்தப் பக்கத்திலேயே வேலிகட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வேலியாக நடும் வெண்முள் செடியின் கன்று வாங்கக் கையில் காசில்லாததால், மாளிகையின் வேலியைக் கூலிக்குக் கட்டி, அந்தக் கூலியில் தன் வேலிக்குக் கன்று வாங்கலாம் என்று கணக்குப் போட்டான். வேலிக்காரர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு: தொடங்கிய வேலியை முழுதாக அடைக்காமல் இன்னொரு வேலியில் கத்தி வைக்கக் கூடாது. வைத்தால், பாதியில் விட்ட வேலியில் மாட்டிக் கழுத்து முறிந்து சாவது அவனுடைய சொந்த மாடாக இருக்கும். சேத்தின் அப்பன் அந்தப் பழக்கத்தை மீறியதில்லை, சேத்தும் மீறவில்லை. மாளிகையின் காரியஸ்தர் ட்ரிக்கெட்டுக்கு இது தெரியும். சேத் வேலியின் முனையை நெருங்கும்போதெல்லாம் அவர் குதிரையில் வந்து நிற்பார். "ஓடைவரைக்கும் ஒரே வேலிதானப்பா, இழுத்துரு," என்பார். ஓடை வந்ததும், "பாலத்துல போய் முடிஞ்சா அம்சமா இருக்கும்," என்பார். டோர்காஸ் வீட்டில் கத்தினாள்: "அவன் ஸ்காட்லாந்துவரைக்கும் இழுப்பான்யா, நீயும் கன்ன நட்டுக்கிட்டே போவ. நம்ம நிலத்த எவன் அடைப்பான்?" "பாதியில விட முடியாதுடி," என்றான் சேத். அவ்வளவுதான் அவனுக்குச் சொல்லத் தெரிந்தது.

மாளிகையின் வேலி அடைபட்டு முடிந்தபோது மார்ச் பிறந்திருந்தது. மிச்சமிருந்த நாட்களில் புருஷனும் பெண்டாட்டியும் பதினாலு வயது மகள் கெத்தூராவும் மூன்று ஏக்கரைச் சுற்றி நட்டார்கள், முளை அடித்தார்கள், நகம் பெயர்ந்த இடத்தில் துணி சுற்றிக்கொண்டு மறுபடி நட்டார்கள். தெற்கே ஐந்தடி மட்டும் அடைபடாமல் நின்றுபோனது. பன்னிரண்டு கன்று குறைந்தது. மாளிகைத் தோட்டத்தில் கேட்டால் தீர்ந்துவிட்டது என்றார்கள். சுவருக்குப் பின்னால் கட்டுக்கட்டாக இருந்ததைக் கெத்தூரா பார்த்தாள். சேத் பக்கத்து ஊர்களுக்குக் கன்று தேடி நடந்தான், எங்கேயும் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மாளிகையின் ஆட்டுமந்தையை அந்த ஐந்தடிப் பக்கம் ஓட்டிவிட்டார்கள். உள்ளே நுழைந்தால் நட்டதெல்லாம் ஒரு மத்தியானத்தில் போய்விடும். அதனால்தான் டோர்காஸ் கையை விரித்துக்கொண்டு அங்கே போய் நின்றாள். அவள் கையை விரித்தால் சரியாக ஐந்தடி.

மாதா நாளன்று, நிலத்தைப் பங்கு பிரித்த ஆணையத்தின் குமாஸ்தா அளவுச் சங்கிலியோடு வந்தார், கூடவே ட்ரிக்கெட். மூன்று பக்கமும் அளந்து சரி போட்டுவிட்டுத் தெற்கே வந்து நின்றார்கள்.

"இது என்னப்பா?" என்றார் குமாஸ்தா.

"வேலிங்கய்யா," என்றான் சேத்.

"பொம்பள மாதிரி இருக்கே."

"அதுவும்தாங்க."

ட்ரிக்கெட் சிரித்தார். "சாயங்காலமானா அடுப்படிக்குப் போயிரும் இந்த வேலி."

"எங்க போறது? கால எடுத்துப் பாத்தேன், வரமாட்டேங்குது," என்றாள் டோர்காஸ். "வேணும்னா நீங்க இழுத்துப் பாருங்க மிஸ்டர் ட்ரிக்கெட். பாத்துப் புடிங்க, முள்ளு இருக்கு."

குமாஸ்தா கெட்டவர் இல்லை. தொப்பியைக் கழற்றினார், இலையைக் கிள்ளிப் பார்த்தார், வெண்முள்தான் என்று ஒத்துக்கொண்டார். பிறகு சட்டத்தை எடுத்து இரண்டு தரம் படித்தார். "நட்ட கன்றுன்னு இருக்கு, கல்லுன்னு இருக்கு, மரச்சட்டம்னு இருக்கு. சம்சாரம்னு எங்கயும் இல்லையேம்மா," என்றார். தெற்கே ஐந்தடி திறந்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.  அன்று சாயங்காலம் டோர்காஸின் முகம் இருந்த இடத்திலும் இலை மூடியது.

மூன்று ஏக்கரும் மாளிகை நிலத்தோடு சேர்ந்தது, செர்ரியை விற்றார்கள். கெத்தூரா மாளிகையில் பாத்திரம் துலக்கப் போனாள். அங்கே சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அம்மா தெரிவாள். சேத் மாளிகைக்கே வேலிக்காரனாக ஆனான், வேறு போக்கில்லை. மே மாதம் மற்ற வேலி பூப்பதற்கு ஒரு வாரம் முன்பே அந்த ஐந்தடி பூக்கும் என்பதை ஊரில் எல்லாரும் கவனித்தார்கள், மழை எப்போது வரும் என்று கவனிப்பதைப் போல. பன்னிரண்டு வருடத்தில் வேலி முதிர்ந்தது. முதிர்ந்த வேலியைப் படுக்கப் போட வேண்டும்: அடியில் முக்கால்வாசி வெட்டி, பட்டையும் விரலளவு கட்டையும் மட்டும் விட்டு, ஒருபக்கமாகச் சாய்க்க வேண்டும். அப்படி வெட்டினால்தான் கீழிருந்து துளிர்க்கும், விட்டால் அடி காலியாகிப் பட்டுப்போகும். சேத் மூன்று பக்கத்தையும் முடித்துவிட்டுத் தெற்கே வந்து, கத்தியைத் தரையில் குத்தி வைத்து உட்கார்ந்துவிட்டான். பன்னிரண்டு வருடமாகப் பேசாத டோர்காஸ் அன்று பேசினாள்.

"ஏன்யா உக்காந்துட்ட?"

"என்னால முடியாதுடி."

"வேற எவனாவது வந்தா முறிச்சிருவான். உனக்குத்தான் எவ்வளவு விடணும்னு தெரியும். வெட்டு. தொடங்கினத பாதியில விடமாட்டியே நீ."

அவன் வெட்டினான். விரலளவு விட்டான், அவளைத் தாங்கிப் பிடித்து மெல்லச் சாய்த்தான், முளையில் கட்டினான். வெட்டுவாயில் கசிந்த நீரைச் சட்டையால் ஒற்றினான். சாகும்வரை மூன்று தடவை அவளை அப்படி வெட்டினான். தேவாலயக் கொல்லையில் அவனைப் புதைத்தபோது பக்கத்தில் ஒரு குழிக்கு இடம் விட்டார்கள். ஊர்ப் பதிவேட்டில் டோர்காஸ் செத்ததாக யாரும் எழுதாததால் அந்த இடம் இன்னும் புல்லாகவே கிடக்கிறது.

மால்பாஸ் வம்சம் குதிரைப் பந்தயத்தில் தோற்று, பிரிஸ்டல் சர்க்கரை வியாபாரிக்கு எஸ்டேட்டை விற்றது. அவர் பேரன் பீர் முதலாளிக்கு விற்றான். இரண்டு மகன்களும் ஒரே போரில் செத்தபின் பீர் முதலாளியின் விதவை ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு விற்றாள். ஒவ்வொரு பத்திரத்திலும் மூன்று ஏக்கர் சேர்த்தே எழுதப்பட்டது. கெத்தூரா கல்யாணம் ஆகாமல் ஒரு மகள் பெற்றதால் ஆர்கில் என்ற பெயர் அறுபடவில்லை. வேலிக்கத்தியும் அந்த வீட்டிலேயே இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் கம்பெனி எல்லா வேலியையும் பிடுங்கிப் பெரிய கோதுமை வயலாக்கியது. தெற்கே அந்த ஐந்தடிக்கு வந்ததும் இயந்திரக்காரர் இறங்கிப் பார்த்தார், பிறகு ஏறிச் சுற்றிக்கொண்டு போனார். ஏன் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. தொண்ணூறு ஏக்கர் கோதுமைக்கு நடுவே ஐந்தடி வேலி எதையும் அடைக்காமல் நிற்கிறது.

இப்போது அதைப் படுக்கப் போடுவது பள்ளிக்கூட பஸ் ஓட்டும் மரியன் ஆர்கில். போன தடவை வயலைப் பார்த்துக்கொள்ளும் புது மேனேஜர் வண்டியை நிறுத்தி, "அம்மா, ஆடு இல்ல மாடு இல்ல, இந்தத் துண்டு வேலி யாருக்கு?" என்று கேட்டான்.

"எங்களுக்குத்தான்," என்றாள் மரியன், கத்தியைத் துடைத்துக்கொண்டே. "தெற்குப் பக்கம். மத்த மூணு பக்கத்தையும் நீங்கதான் பிடுங்கிப் போட்டீங்க."

அவன் சரி என்று போய்விட்டான். விதைப்பவர்களும் அறுப்பவர்களும் அதைச் சுற்றித்தான் போகிறார்கள், மே மாதம் ஒரு வாரம் முன்னதாக அது பூக்கிறது. ஸ்கெல்பி எஸ்டேட் இன்னும் ஆர்கில் வீட்டுக்கு மூன்று ஏக்கர் பாக்கி வைத்திருக்கிறது.