வெறும் தண்ணீர்

“மெஷின் தண்ணி குடிக்க இது என்ன பேங்க்கா, கியுசிக் அம்மா? பார்லி வாசனை வந்தாத்தான் எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு.”

“சரிங்க,” என்றாள் சுன்னே.

கணவர் பியோங்கு ஒன்பது வருஷத்துக்கு முன் சொன்னது அது. மகன் கியுசிக்கின் பெயரைச் சேர்த்துத்தான் அவளைக் கூப்பிடுவார். வாடகைக்குத் தண்ணீர்ச் சுத்திகரிப்பு மெஷின் மாட்டித் தருவதாக வந்த பெண் போய்விட்டாள். சுன்னே வறுத்த பார்லியைப் போட்டுக் கெட்டிலை அடுப்பில் ஏற்றினாள். அன்றிலிருந்து, அதற்கும் இருபத்தைந்து வருஷம் முன்பிருந்தே, தினமும் ஏற்றுகிறாள். கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டி, புட்டியில் ஊற்றி, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஆகஸ்ட் வெக்கையில் இரண்டு நாள் போனால் புளித்துவிடும்.

அவளுக்கு அந்த வாசனை ஒரு நாளும் பிடித்ததில்லை. அடிப்பிடித்த பானையைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும். வட்டார அலுவலகத்துக்குப் போனால், அங்கே உறைபோல மடித்து வைத்திருக்கும் காகிதக் கோப்பையில் நாலு தடவை வெறும் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, வாங்க வந்த சான்றிதழை மறந்து திரும்பியிருக்கிறாள்.

இன்று காலை அவர் பார்லித் தண்ணீர்ப் புட்டியை மேஜையிலேயே விட்டுப் போய்விட்டார். வெயிலில் அவருடைய கடைக்குத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பியோங்கு வீடு வாங்கி விற்கும் தரகர். யாருக்கோ வீடு காட்டப் போயிருந்தார். கடைக்குள் சீருடைப் பெண்ணொருத்தி, சுவரோரம் பளபளத்த சுத்திகரிப்பு மெஷினின் வடிகட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“உக்காருங்க அக்கா. ஓனர் வந்துடுவார்,” என்றாள். “வீடு பாக்க வந்தீங்களா? இவர் தண்ணி விஷயத்துல பெரிய ஆள். ஏழு வருஷமா வர்றேன், ஒரு நாள் தாமதமானா போன் பண்ணிடுவார்.”

“ஏழு வருஷமா?”

“ஆமா. வீட்லருந்து ஏதோ பார்லித் தண்ணி வரும் போல. அது இதுக்குத்தான்.” ஜன்னலோரத் தொட்டியைக் காட்டினாள். இடுப்பு உயரத்துக்கு ரப்பர் செடி, எண்ணெய் தேய்த்தாற்போல இலைகள். “எப்படிக் கொழுத்திருக்கு பாருங்க.”

சுன்னே பார்த்தாள். கெட்டில் ஆவி சுட்ட மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

கதவு மணி ஒலித்தது. பியோங்கு உள்ளே வந்தார். முகம் சிரித்தது, மறுநொடி சிரிப்பு நின்றது.

“நீ எதுக்கு இந்த வெயில்ல வந்த?”

“செடிக்குத் தண்ணி மறந்துட்டீங்க.”

சீருடைப் பெண் கருவிகளைச் சத்தமில்லாமல் பையில் போட ஆரம்பித்தாள்.

“அந்த மெஷின்... வர்றவங்களுக்காக வச்சது, கியுசிக் அம்மா. வாடிக்கைக்காரங்க கேப்பாங்க.”

“பார்லித் தண்ணிய செடிக்கு ஊத்தறதும் அவங்களுக்காகவா?”

“நீ ஆசையா போடுறியேன்னு வேண்டாம்னு சொல்ல மனசு வரல.”

“ஆசையா?” அவள் குரல் உயரவில்லை. அதனால்தான் அவர் ஓரடி பின்வாங்கினார். “முப்பத்தி நாலு வருஷம் அடுப்புல நின்னேன். பிடிக்குதான்னு நீங்க கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல. இன்னைக்கு அடுப்ப அணைச்சாச்சு.”

புட்டியைச் செடியின் மேல் கவிழ்த்தாள். மண் குடித்து முடியும் வரை பிடித்திருந்தாள்.

பிறகு காலிப் புட்டியை அவர் கையில் வைத்தாள்.

“எனக்கு நம்ம வீட்ல வெறும் தண்ணி வேணும். ஏற்பாடு பண்ணிக் கொடுங்க.”