ஈறு நிறத் தகடு

பாண்டுக் குழுவில் டிரம்பெட் வாசிக்கும் ஸ்டானிஸ்லாஸ், 1953இல் மண்டி மொஹல்லா என்ற பேட்டையில் சைக்கிளிலிருந்து விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டான். நொறுங்கிய எலும்பை எடுத்துவிட்டுத்தான் டாக்டரால் அவனைக் காப்பாற்ற முடிந்தது. நெற்றிக்கு மேலே, உள்ளங்கையளவு இடத்தில் வெறும் தோல்தான். தும்மினால் அது பொம்மென்று உப்பும். டிரம்பெட்டைத் தொடவே கூடாது என்று உத்தரவாயிற்று.

ஒரு வருஷம் அவன் வாய்க்குள்ளேயே மெட்டு முணுமுணுத்துக்கொண்டு கிடந்தான். கன்னம் கொஞ்சம் உப்பினாலும் மனைவி ஐவி அதட்டினாள்.

பிறகு அதே டாக்டர் நஞ்சுண்டசாமி கூப்பிட்டனுப்பினார். "ஓட்டையை மூடிடலாம். உலோகத் தகடு இங்க கிடைக்கல. பல்செட் செய்யற அக்ரிலிக் இருக்கு. வெளிநாட்டுல அதை வெச்சிருக்காங்க, நல்லா நிக்குதாம்."

பல்செட் செய்யும் மதலைமுத்து வந்து, அவன் தலையில் அச்செடுத்துப் போனார். நாலாம் நாள் வளைவான தகடு ஒன்றைக் கொண்டுவந்தார். பளபளவென்று ரோஸ் நிறம்.

"வேற கலர் இல்லீங்களா?" என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

"நான் பல்செட்காரன் தம்பி. என்கிட்ட ஈறு கலர்தான் உண்டு. உள்ளதானே போகுது, யார் பாக்கப் போறாங்க?"

ஐவி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பல்லு எதுவும் வெச்சிடலையே?"

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. ஸ்டானிஸ்லாஸுக்கு இருந்த பயமெல்லாம் சிரிப்பில் போயிற்று.

எலும்பின் ஓரத்தில் துளை போட்டுக் கம்பியால் தகட்டைக் கட்டினார்கள். புண் ஆறி, மூன்று மாதம் கழித்து, ஆஸ்பத்திரி முற்றத்திலேயே வாசித்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். ஐவி உள்ளங்கையை அவன் தலையில் வைத்துக்கொண்டாள்.

மெல்ல ஊதினான்.

"அசையல," என்றாள் ஐவி.

கொஞ்சம் பலமாக ஊதினான்.

"அசையவே இல்ல. ஊதுங்க." அவள் கையை எடுத்துவிட்டாள்.

அவ்வளவுதான். கல்யாண மெட்டு, கோயில் சப்பர மெட்டு என்று ஒரு வருஷத்து மெட்டெல்லாம் பிய்த்துக்கொண்டு வந்தது. "ஏன்ரீ இது, ஆஸ்பத்திரியா கல்யாண வீடா?" என்று கன்னடம் கலந்து அதட்ட வந்த நர்ஸ் கமலம்மாளின் கால் தன்னால் தாளம் போட்டது. ஊன்றுகோல்காரர்கள் வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். டாக்டர் "போதும், போதும்" என்றது யார் காதிலும் விழவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவன் உதடு வீங்கிக் காப்பி குடிக்க முடியவில்லை. ஐவி ஆற்றி ஆற்றிக் கரண்டியால் ஊட்டினாள். பாதி காப்பி சிரிப்பில் சட்டையில் கொட்டியது.