சுடாத குழாய்

குடியிருப்பில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை. பரிசோதனையிலோ குழாய்த் தண்ணீர் சுத்தம் என்றே வந்தது. நீர் ஆய்வாளர் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். மாதிரி எடுக்குமுன், ஒட்டியிருக்கும் கிருமி சாகக் குழாய் வாயைத் தீயில் சுடுவது ஆய்வுக்கூடத்தின் வழக்கம். வீட்டில் தண்ணீர் பிடிக்கக் கணவன் குழாயடியில் குவளையை நீட்டியபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

"ஏங்க, நீங்க குழாயைச் சுட்டுட்டா தண்ணி பிடிக்கிறீங்க?"

"எனக்கென்ன பைத்தியமா?" என்றான் அவன்.

மறுநாள் குழாயைச் சுடாமல் மாதிரி பிடித்தாள். சோதனைத் தட்டு முழுக்கக் கிருமிப் புள்ளிகள்!

அழுக்கேறிய குழாய்களையெல்லாம் மாற்றினார்கள். மருத்துவமனையில் பிள்ளைகளின் கட்டில்கள் காலியாயின. "முறையை மாத்த நீ யாரு?" என்று முதலில் எகிறிய ஆய்வுக்கூடத் தலைவரே வந்து கைகொடுத்தார்.

"இத்தனை நாளா நாம தண்ணியைச் சோதிக்கலம்மா, நம்ம நெருப்பைத்தான் சோதிச்சிருக்கோம்!"