லண்டனுக்குப் போன படங்கள்

“ஆப்பிள் வரையச் சொல்றான், பதுரு. மேசை மேல வச்சு, பார்த்துப் பார்த்து வரையணுமாம்.”

“ஆப்பிளுக்கு எங்க போறது, மச்சான்?”

“அதைத்தான் நானும் கேக்குறேன். லண்டன்ல உட்கார்ந்திருக்கிற வாத்தியாருக்கு ஈப்போ சந்தையில என்ன விக்குதுன்னு தெரியுமா?”

“மங்குஸ்தான் இருக்கு. காலையில மாமா வாங்கிட்டு வந்தது.”

“அப்ப அதையே போட்டுரலாம் லா. ரெண்டும் உருண்டைதானே? இந்தா, நீயே வரைஞ்சு பாரேன். எனக்குப் பென்சிலைப் பிடிச்சாலே விரல் நோகுது.”

“அடியில யார் பேரு எழுதுறது?”

“என் பேருதான். படிக்கிறவன் நான்தானே!”

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்று இருவருமே சிரித்தார்கள். பதுருன்னிசா கல்யாணமாகிப் பாரிட் புந்தாரிலிருந்து ஈப்போவுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. புருஷன் அமீர் ஆங்கிலப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். பத்திரிகையில் ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, லண்டனிலிருந்து தபாலில் கற்றுத்தரும் விளம்பரச் சித்திரப் பாடத்தில் சேர்ந்திருந்தான். மொத்தம் பதினெட்டுப் பாடங்கள். அவனுடைய ஆர்வம் முதல் பாடத்தின் ஆப்பிளோடு தீர்ந்துபோனது. அவளுடையது அந்த மங்குஸ்தானில் தொடங்கியது.

பழத்தின் தலையிலிருக்கும் நாலு இதழ்க் குல்லாயை அவள் வரைந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, வாத்தியார் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘இது என்ன பழம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் தின்ன வேண்டும் போலிருக்கிறது.’

வெள்ளிக்கிழமைதான் அவர்களுக்குப் பாட நாள். ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்தால், கடையை மறுபடி திறக்க நாலு மணியாகும். அதுவரை மாடி அறையில் அமீர் பாயில் படுத்துக்கொண்டு பாடத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவான். ஜன்னலோரம் பலகையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வரைவாள். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் அவன் முழுசாக அவளுக்குக் கிடைப்பான். சில நாள் பாதிப் பாடத்திலேயே தூங்கிவிடுவான். அவள் எழுப்பமாட்டாள். அவன் தூங்கும்போது மூக்கு நுனியில் விழும் வெளிச்சத்தைத் தாளின் ஓரத்தில் கோடாக்கிப் பார்ப்பாள், பிறகு அழித்துவிடுவாள்.

மூன்றாம் பாடம் எழுத்துகள். இங்கிலீஷ் எழுத்துகளை அச்சில் வார்த்ததுபோல எழுத அவள் கை பழகிவிட்டது. வாசிக்கத்தான் தெரியாது. அவளுக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் சொல் அமீரின் பெயர். அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை, அவளும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் அதை எழுதினாள். முதல் சில தடவை யாரும் பார்க்காமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது. கன்னம் சூடாகும்.

ஏழாம் பாடத்தில்தான் அது மாறியது. மனித உருவம் வரையவேண்டிய பாடம் அது. “உசுருள்ளதை எல்லாம் வரையாதே புள்ள, நாளைக்கு அல்லாகிட்ட யாரு பதில் சொல்றது?” என்று மாமியார் ஆமினா பயந்தார். அவர் மனசை நோகடிக்க அவளுக்கு விருப்பமில்லை. கொல்லைக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டையை வரைந்தாள். காற்று புகுந்து தோளும் முழங்கையும் எடுத்து நின்ற சட்டை. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அமீர் படித்தான்:

“‘இந்தச் சட்டைக்குள் ஒரு ஆள் இருக்கிறான். மற்றவர்கள் கவனிக்காமல் தாண்டிப் போவதை நீங்கள் பார்க்கிறீர்கள், மிஸ்டர் அமீர்.’ பார்த்தியா, மிஸ்டராம்!”

“இன்னொரு தடவை படிங்க, மச்சான்.”

படித்தான். மூன்றாம் தடவையும் கேட்டாள். அவன் வாய் சொல்லச் சொல்ல, கடைசிச் சொல்லை மட்டும் அவள் மனசுக்குள் எடுத்துவிட்டுத் தன் பெயரை வைத்துப் பார்த்தாள். அந்த வாக்கியத்தில் அது உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு மூலையிலும் அமீர் என்று எழுதும்போது கன்னம் சூடாகவில்லை, தன் படத்தில் அது வேறொருவர் பெயராகவே பட்டது. தன் பெயரைப் போடட்டுமா என்று கேட்கலாம் என்று நினைப்பாள். அவன் கோபிக்கமாட்டான், அது தெரியும். சிரித்துவிடுவானே என்பதுதான் பயம்.

பன்னிரண்டாம் பாடம், கடைச் சரக்குக்கு ஒரு லேபிள். மாமனார் ஜைனுலாப்தீனின் கடையில் தேயிலை பொட்டலம் கட்டித் தோட்டங்களுக்குப் போகும். அதற்கே வரைந்தாள். பூங்கொடி ஓரம், நடுவில் வரிசை தப்பாத எழுத்துகள். மாமனாருக்குப் பிடித்துப்போய் அச்சடித்தே விட்டார். செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வரும் பால்வெட்டுக்காரி முத்தம்மாள், கொல்லைப்புறம் தண்ணீர் குடிக்க வந்தபோது பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னம்மா இது, படமே இல்ல? கடையில போயி என்னன்னு கேக்குறது? மயில் மார்க்குன்னா மயிலு, யானை மார்க்குன்னா யானை. இதை எறும்பு மார்க்குன்னு கேக்கட்டுமா?”

பதுருன்னிசாவுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. “உங்களுக்கு எதைப் பார்த்தா தேத்தண்ணி ஞாபகம் வரும், அக்கா?”

“வெட்டு முடிஞ்சு மங்குல பால் ரொம்புறப்போ. அப்பத்தானே குந்துவோம்.” மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தைத்தான் மங்கு என்றாள்.

பதுருன்னிசா தோட்டத்துக்குள் போனதேயில்லை. கல்யாணமாகி ரயிலில் வந்தபோது, ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக விசிறிபோல விரிந்து மூடியதைப் பார்த்திருக்கிறாள். அதை வைத்துக்கொண்டு ஒரு மரம், சாய்ந்த வெட்டுகள், கீழே ஒரு மங்கு என்று வரைந்தாள். அடுத்த மாதம் முத்தம்மாளிடம் காட்டினாள்.

“ஐயோ, வெட்டு தலைகீழா இருக்கே! இடது பக்கம் ஒசந்து, வலது பக்கம் எறங்கணும்மா. இப்படி வெட்டுனா கங்காணி எங்களைத் தொரத்திருவான். ஆமா, இதெல்லாம் வரையிறது ஒங்க வீட்டுக்காரருங்கிறாங்களே, அவரு பேரென்ன?”

“கடைப் பலகையில மாமா பேருக்குக் கீழ இருக்கு.”

“எனக்குப் படிக்கத் தெரிஞ்சா ஒங்களை ஏன் கேக்குறேன்?”

பதுருன்னிசா தலையைக் குனிந்துகொண்டு வெட்டுகளைத் திருத்தினாள்.

மங்கு மார்க் தேயிலை தோட்டம் தோட்டமாகப் போனது. ஈப்போவுக்குள்ளேயே புந்தோங் பக்கத்துக் கடைகளில்கூடக் கேட்டு வாங்கினார்கள். அமீரின் கூட்டாளிகள் கடையில் உட்கார்ந்து அவனைப் புகழ்வது கொல்லைக் கதவுவரை கேட்கும். “எங்க மச்சான், ஒரு குருவி போட்டுக் காட்டு பார்ப்போம்!” என்பார்கள். “இன்னைக்கு விரல் சுளுக்கு,” என்பான் அவன். எல்லாரும் சிரிப்பார்கள். மாடிக்கு வந்ததும், “ஒருநாள் மாட்டிக்கப் போறேன், பதுரு,” என்று கண்ணைச் சிமிட்டுவான். ஏமாற்றுகிறோம் என்ற எண்ணமே அவனுக்கு இல்லை. அவளும் அவனும் ஒன்று என்று உண்மையாகவே நம்பினான். அதனால்தான் அவளால் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பழுப்பு உறை ஒன்று வந்தது. அமீர் பாயில் படுக்காமல் நின்றபடியே படித்தான்.

“பதினெட்டும் பாஸ்! சர்டிபிகேட் தர்றாங்களாம், தங்க முத்திரை வச்சு. இந்தச் சீட்டுல முழுப் பேரையும் தெளிவா எழுதி அனுப்பணும். அதுக்கப்புறம் மாத்த முடியாதாம்.” சீட்டை அவள் பலகைமேல் வைத்தான். “கண்ணாடி போட்டுக் கடையில மாட்டணும்னு வாப்பா சொல்லிட்டாங்க. நீயே எழுது, பதுரு. உன் கையில எழுதினாத்தான் என் பேரு அழகா இருக்கு.”

அவன் முகமெல்லாம் சந்தோஷம். அவள் பேனாவை மையில் தோய்த்தாள். அவன் பெயரின் முதல் எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டே போட்டுவிடுவாள். நிப்பு தாளுக்குமேல் வந்து நின்றது.

இதை எழுதிவிட்டால் எல்லாம் நேற்றுப்போலவே இருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வேறு ஏதாவது படித்துச் சொல்வான். எழுதாவிட்டால் கூட்டாளிகள் முன்னால், மாமா முன்னால் அவன் தலை குனிய நேரும். அதற்குப் பிறகு இந்த மாடியும் இந்த இரண்டு மணி நேரமும் இருக்குமா? அவளுக்குத் தெரியவில்லை.

“என்ன, மை காஞ்சிருச்சா?”

“இல்ல.”

அவள் நிப்பைத் துணியில் துடைத்தாள். அமீர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு அவன் வாயிலேயே நின்றுவிட்டது.

“மச்சான்,” என்றாள். “இந்தப் படமெல்லாம் நான் போட்டது. இந்தச் சீட்டுல என் பேருதான் இருக்கணும். இங்கிலீசுல அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. நீங்க ஒரு தடவை எழுதிக் காட்டுங்க.”