இரண்டு பாட்டில் மேசில் பாகு

மூன்றாவது முறையும் எனக்கு அரிப்பு வந்தபோது, இது என்னுடைய அழுக்கு அல்ல, என் கணவர் கொண்டுவந்த அழுக்கு என்று முடிவுகட்டிவிட்டேன். அதுவரை உப்புத் தண்ணீரால் கழுவிக் கழுவித் தோலைப் புண்ணாக்கியிருந்தேன். தயிர்த் திப்பி போல வெள்ளை பட்டுக்கொண்டே இருந்தது. சிப்பி உடைக்கும் கொட்டகையில் பக்கத்தில் உட்காரும் கில்ஜா அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் கத்தியை நிறுத்தாமல், இது தானாக வருகிற சமாச்சாரமில்லை, வீட்டுக்காரரைக் கேள் என்றாள்.

அவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். உள்ளாடை அலமாரியில் துழாவினேன், களிம்பு டியூப் ஒன்று கிடைத்தது. அவருக்கும் அந்த இடத்தில் சிவந்து வெடித்திருந்தது. என்னிடம் மூச்சுவிடவில்லை.

"டெர்மினல் டீக்கடைக்காரி குடுத்த சீக்கா?" என்றேன்.

"போரம் அம்மா, சத்தியமா இது எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியல."

பெற்ற பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில் எனக்கு இன்னும் எரிந்தது. அவர் துணிப்பையை வாசலில் வைத்தேன். முப்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய மனிதர், அதை எடுத்துக்கொண்டு டிரைவர்கள் தங்கும் அறைக்குப் போய்விட்டார்.

தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று இரண்டு பஸ் மாறி, அடுத்த ஊர் டாக்டரம்மாவிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும். சோதித்துவிட்டு, இது கெட்ட நோயே இல்லை, ஈஸ்ட் என்ற பூஞ்சை, எல்லார் உடம்பிலும் கொஞ்சம் இருப்பதுதான், சில சமயம் அளவு மீறிப் பெருகிவிடும் என்றாள். சோப்பும் உப்பும் போட்டுக் கழுவாதீர்கள் என்று சொல்லி ஒரு மாத்திரையும் களிம்பும் எழுதினாள். என் ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தது. பிறகு அவரைப் பற்றிக் கேட்டாள். அடிக்கடி தாகமா, அடிக்கடி சிறுநீரா, இளைத்தாரா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். இளைத்தது அந்த டீக்கடைக்காரிக்காக என்றல்லவா நினைத்திருந்தேன்.

"அவருக்குச் சர்க்கரை ஏறியிருக்கலாம்மா. அதான் உங்க ரெண்டு பேருக்கும் திரும்பத் திரும்ப வருது. தள்ளிப்போடாம டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

சொல்லியிருக்க வேண்டும். ஒரு போன். ஆனால் சொன்னால், உங்கள் மேல் தப்பில்லை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே. அந்த வாய் எனக்கு வரவில்லை. அவராகப் பேசட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். என் அரிப்பு நாலே நாளில் போய்விட்டது.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. நாக்கு ஒட்டிக்கொள்கிறது, எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தீரவில்லை, நம் வீட்டு மேசில் பாகு கொஞ்சம் அனுப்பு என்றார். குரல் குழறியது, குடித்திருக்கிறார் என்று நினைத்தேன். மன்னிப்பு என்ற சொல்லுக்குப் பதிலாக, ஜாடியின் அடியில் ஊறிய கெட்டிப் பாகையே இரண்டு பாட்டில் நிரப்பி, அவர் ரூட் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். மேசில் என்பது புளிப்பான பச்சைப் பிளம் காய், காய்க்குச் சமமாகச் சர்க்கரை கொட்டித்தான் ஊறப்போடுகிறோம். ஆனால் நூறு நாள் ஊறினால் சர்க்கரை செத்துவிடும், அப்புறம் அது மருந்து என்பது எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வது. நானும் கொட்டகையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் அறையில் நினைவில்லாமல் கிடந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சர்க்கரை மீட்டருக்கு எட்டாத அளவில் இருந்ததாம். என்ன குடித்தார் என்று கேட்டார்கள். சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அடுத்த நாள் மதியம் போய்விட்டார்.

சேதி கேட்டு வெளியூரிலிருந்து வந்த போரம், டாக்டரம்மாவின் சீட்டை என் பையிலிருந்து எடுத்தாள். அடியில் 'கணவருக்கு உடனே சர்க்கரை டெஸ்ட்' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத் தேதியைப் பார்த்தாள்.

"அப்பாகிட்ட ஏம்மா சொல்லல?"

"அவர் முதல்ல பேசட்டும்னு இருந்தேன்டி."

"அப்பாதானம்மா முதல்ல போன் பண்ணாரு" என்றாள்.