பின்னறைச் சுவர்

காலையில் அலுவலகத்தில் அன்றைய பட்டியலை வாங்கியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாவது முகவரி எனக்குத் தெரிந்த வீடு. மாற்றிக்கொள்ளலாமா என்று இரண்டு பேரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "ஏன், அந்த வீட்டுல நாய் இருக்கா?" என்று சிரித்தார்களே தவிர ஒருவனும் மசியவில்லை.

குளிர்காலத்தில் வெப்பக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், உள்ளே இருக்கிற சூடு எந்த வழியாக வெளியே ஓடுகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சூடான இடம் திரையில் மஞ்சளாகத் தெரியும், குளிர்ந்த இடம் நீலமாகத் தெரியும். அடுத்தவர் வீட்டுக் குறையைக் கண்டுபிடிக்கச் சம்பளம் என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

ஏழு வருடத்துக்கு முன் வேறு வேலை. சுவரில் வெளியிலிருந்து ஓட்டை போட்டு, குழாய் வழியாக உள்ளே பஞ்சு ஊதுவேன். அந்தப் பஞ்சுதான் வீட்டுச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். பட்டியலில் இருந்த இந்த மூன்றாவது வீட்டின் பின்னறைக்கு வந்தபோது பஞ்சு மூட்டை தீர்ந்துவிட்டது. கிடங்குக்குப் போய்வர ஒன்றரை மணி நேரம். அன்று என் மகளுக்கு நீச்சல் போட்டி. ஓட்டைகளைப் போட்டேன், ஒன்றும் ஊதாமலே மூடிகளை அடித்தேன், மேலே பூசிவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் வந்து ஊதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் வேறு தெருவுக்கு அனுப்பிவிட்டார்கள். போட்டியில் என் மகள் கடைசியாக வந்தாள்.

கதவைத் திறந்தவள் அந்த வீட்டு மருமகள். வேலைக்குக் கிளம்பத் தயாராக, ஒரு காதில் மட்டும் கம்மலோடு நின்றாள். அன்று பஞ்சு ஊத வந்தவன் நான்தான் என்று அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. முன்னறை, சமையலறை, மாடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாச் சுவரும் ஒரே சீரான மஞ்சள். என் கைவேலைதான். வேறு நாளாக இருந்தால் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டிருப்பேன்.

"பின்னறைய நல்லாப் பாருங்க சார். பிரச்சினையே அங்கதான்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாமியார் ரூம். ராத்திரி ஜன்னலத் திறந்து வச்சுடறாங்க, விடியறதுக்குள்ள மூடிடறாங்க. கேட்டா, திறக்கவே இல்லைன்னு சாதிக்கறாங்க. மறதி சார். தினமும் அந்த ரூம் மட்டும் ஐஸ் மாதிரி கிடக்குது. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, எத்தனைன்னு பாக்கறது? திங்கக்கிழமை ஒரு முதியோர் இல்லத்துல சேர்க்கறோம்."

சொல்லும்போது அவள் கண் கலங்கியது. கெட்டவளாக இருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மூன்று வருடமாக அந்தம்மா அந்த அறையில்தான் இருக்கிறாராம். மூன்று குளிர்காலம்.

மாமியார் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இடம் விட்டு நகர்ந்தார்.

"ராத்திரி ஜன்னலத் திறந்திருந்தா உன் மெஷின்ல தெரியுமா தம்பி?"

"அதெல்லாம் தெரியாதும்மா. இப்ப இருக்கறதுதான் தெரியும்."

"சரி விடு. திறந்துதான் இருப்பேன். எல்லாரும் சொல்றாங்களே."

கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பினேன். விளிம்பெல்லாம் ஒழுங்காக இருந்தது. சுவருக்குத் திருப்பினேன். தரையிலிருந்து கூரை வரை அகலம் அகலமாக நீலப் பட்டைகள். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே சுவருக்குள் இருக்கும் மரச்சட்டங்கள் மட்டும் மெல்லிய மஞ்சள் கோடுகளாக நின்றன. எதைப் பார்ப்பேன் என்று தெரிந்தே வந்தவன்தான்.

மருமகள் எட்டிப் பார்த்தாள். "அய்யோ, இவ்வளவு நீலமா? ஜன்னலத் திறந்து வச்சு வச்சுத்தானே சார் இப்படிச் சுவரும் குளிர்ந்து போச்சு?"

"இருக்கலாம்" என்றேன்.

ஒரே ஒரு சொல். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது என்று சப்பைக்கட்டு கட்ட மாட்டேன், யோசித்துத்தான் சொன்னேன். திங்கட்கிழமைக்குப் பிறகு இந்த அறையில் யாரும் இருக்கப் போவதில்லை, யாரும் கேட்கப் போவதுமில்லை என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டேன்.

மாமியார் எழுந்து வந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். விரலால் ஒரு பட்டையை மேலிருந்து கீழே தடவினார்.

"ஜன்னலால குளிர்ந்தா ஜன்னல் கிட்டத்தானே நீலமா இருக்கணும்? அங்க நல்லாத்தானே இருக்கு. இது பட்டை பட்டையால்ல இருக்கு? நான் சோபா மெத்தை தைக்கிற கடையில முப்பது வருஷம் இருந்தவ தம்பி. பஞ்சு வைக்காம தச்ச மெத்த மாதிரி இருக்கு இது." சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார். "விடு, நான் ஏதோ உளர்றேன். என் தலையே சரியில்ல."

திரும்பிப் போய் மறுபடியும் துணி மடிக்க உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. அவமானமாக இருந்தது, கோபம் கோபமாகவும் வந்தது, எல்லாம் என் மேல்தான்.

"நீங்க சொன்னதுதாம்மா சரி" என்றேன். குரல் தேவைக்கு மேல் உரத்து வந்தது. "ஜன்னலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சுவருக்குள்ள பஞ்சே கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன்னாடி இந்த வீட்டுக்குப் பஞ்சு ஊத வந்தவன் நான்தான். இந்த ஒரு ரூமுக்கு மட்டும் ஊதாமலே மூடிட்டுப் போயிட்டேன். நீங்க ஜன்னலத் திறந்தாலும் மூடினாலும் இந்த ரூம் இப்படித்தான் குளிரும்."

மருமகள் என்னையே பார்த்தாள். "மூணு வருஷமா சார்..." என்றாள். அலுவலகத்திலும் சொல்லிவிடுகிறேன், அடுத்த வாரமே சுவரைச் சரி செய்துவிடலாம், வேலை போனாலும் போகட்டும் என்று நான் பாட்டுக்கு உளறிக்கொண்டே இருந்தேன். அந்தம்மா நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அடுப்ப அணைச்சேன்னு சொன்னேனே, அது?" என்று மருமகளைக் கேட்டார்.

மருமகள் விழித்தாள்.

"மாத்திரை போட்டேன்னு சொன்னேன். இல்லைன்னு மறுபடியும் போட வச்சீங்க. சாவி நான் எடுக்கலைன்னு அழுதேன். அதெல்லாம்?"

"தெரியல அத்தை" என்றாள் அவள். நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. கட்டிலின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்துகொண்டாள்.

"ஜன்னலத் திறக்கலைன்னு முதல்ல எனக்கு நல்லாத் தெரியும். அப்புறம் நீங்க சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. சரின்னு எல்லாத்துக்கும் தலையாட்டிட்டேன்."

அவர் போனை எடுத்து மகனின் எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டார். இரண்டு முறை அடித்ததும் மகனின் குரல் பாசமாகச் சிரித்துக்கொண்டே வந்தது.

"சொல்லுங்கம்மா. இன்னிக்கு எதத் தொலைச்சீங்க?"

மருமகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அந்தம்மா போனை என் முன்னால் நீட்டினார்.

"நீயே சொல்லு தம்பி. நான் சொன்னா நம்ப மாட்டான்."