பபூன் துறையில் பிறந்தவள்

மார்வா அக்கா,

இது உனக்கு எப்போது வந்து சேரும் என்று தெரியவில்லை. கடைக்காரர் ஜெனரேட்டரை அணைத்துவிட்டார். இனி காலையில்தான் சிக்னல் வரும். அதற்குள் நானும் அப்பாவும் ஆற்றில் இருப்போம். போனைக் கடைக்காரரிடம் விட்டுப் போகிறேன், சிக்னல் வந்ததும் தானாகப் போகும். தூக்கம் வரவில்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லாத ஒன்றை முதலில் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை நான் கொடியை மாற்ற மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன்.

நீ இங்கே இருந்தபோது இந்த வழக்கம் கிடையாது. நீ ஜார்ஜ்டவுனுக்குப் போய், எண்ணெய்க் கிணற்றுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலில் சமையல் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்தது. எஸ்ஸெக்கிபோ ஆற்றுக்கு மேற்கே எல்லாம் எங்களுடையது என்று வெனிசுவேலாக்காரர்கள் தாத்தா காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அப்போது அக்கரையிலிருந்து நமக்கு சோப்பு வந்தது, பெட்ரோல் வந்தது, மாப்பிள்ளைகள்கூட வந்தார்கள். கடலில் எண்ணெய் வந்த பிறகுதான் நடு ஆற்றில் அவர்கள் வைத்திருக்கும் தீவுக் காவலில் ஆள் கூடியது. நம்ம ஆற்றில் எண்ணெய் என்று ஏதாவது இருந்தால் அது அப்பாவின் எஞ்சினிலிருந்து ஒழுகுவதுதான்.

மழை இல்லாத மாதங்களில் நம்ம பக்கத்து நீரெல்லாம் பாறை. படகு போக ஆழம் இருப்பது தீவை ஒட்டித்தான். அதனால் எல்லாக் கேப்டன்மார்களும் படகில் இரண்டு கொடி வைத்திருக்கிறார்கள். தீவுக்கு முந்தின திருப்பத்தில் நம்ம கொடியை இறக்கி அவர்களுடையதை ஏற்றுவது. தீவைத் தாண்டியதும் திரும்ப மாற்றுவது. அப்படிப் போனால் யாரும் நிறுத்துவதில்லை. நீ போன பிறகு படகின் முன்பக்கம் என்னுடையது. பாறை பார்ப்பதும் நான், கொடி மாற்றுவதும் நான். இறக்கினது பிஸ்கட் டின்னில் இருக்கும். யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. மூக்குச் சிந்துவது மாதிரி, செய்வோம், பேச மாட்டோம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் தீவைக் கடக்கும்போது காவல்காரர்கள் எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் இலவசமாகக் கொடுத்தார்கள். நல்ல தாள். பின் அட்டையில் வரைபடம். நம்ம துறையைத் தேடினேன். இடம் இருந்தது, பெயர் இல்லை. ‘சான் ரஃபேல்’ என்று போட்டிருந்தது. இருபத்தேழு வீடு இருக்கிற இடத்துக்கு, ஒரு வீட்டிலும் கேட்காமல், ஒரு புனிதர் பெயர். பபூன் துறை அசிங்கமான பெயர்தான். பார்டிகா டவுன் பள்ளிக்கூடத்தில் அதைச் சொன்னதும் எல்லாரும் எப்படிச் சிரித்தார்கள் என்று நீயே அழுதிருக்கிறாய். ஆனால் விடியற்காலையில் இங்கே கத்துவது நாம் பபூன் என்று சொல்லும் ஊளைக் குரங்குதான், சான் ரஃபேல் இல்லை.

திங்கட்கிழமை படகில் இஸ்மே அத்தை ஒரு கூடைக் கோழியோடு இருந்தாள். தங்கக் குழிக்காரர்களிடம் விற்க. திருப்பம் வந்ததும் அப்பா வேகத்தைக் குறைத்தார். அவருக்கு முன்னால் மூட்டையும் தார்ப்பாயும் குவிந்திருந்ததால் நான் செய்வது தெரியாது. டின் என் மடியில் இருந்தது. மூடிமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏய் ஒனிக்கா, தூங்குறியா? துணிய மாத்து புள்ள," என்றாள் அத்தை.

"கை வலிக்குது அத்த."

"கை வலிக்குதா? தீவுக்காரன் பாத்தா முதுகு வலிக்கும்டி."

அதற்குள் தீவிலிருந்து விசில் கேட்டது. படகை ஒதுக்கினோம்.

அங்கே இருந்த அதிகாரியை எல்லாரும் தெனியென்தே என்றார்கள், அவனுக்கு உன் வயதுதான் இருக்கும். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. கத்தவெல்லாம் இல்லை. இரண்டு ஆளை அனுப்பி எஞ்சினைக் கழற்றி மேலே தூக்கச் சொன்னான். அப்பாவின் முகத்தை அப்போது நீ பார்த்திருக்க வேண்டும். நம்ம சோறு, துணி, என் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த நாற்பது குதிரைசக்தி எஞ்சின்தான். அது படியேறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மறந்துட்டா சார். சின்னப் புள்ள," என்றார்.

இஸ்மே அத்தையும் விடவில்லை. "வயசுப் பொண்ணு சார், எவனையோ நெனச்சிக்கிட்டு உக்காந்திருப்பா. இந்த வயசுல நான் கல்லுல கசாவாக் கெழங்கு ரொட்டியப் போட்டுட்டு ஆத்துப் பக்கம் போனவ. வந்து பாத்தா ரொட்டி கரி, எங்கம்மா கையில கட்ட."

காவல்காரர்கள் சிரித்துவிட்டார்கள். தெனியென்தேவும் சிரித்தான். சரி, மறந்துதான் போனேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் எஞ்சினைத் தருகிறேன் என்று ஒரு பேப்பரைக் கொடுத்தான். எல்லாம் அச்சடித்தே இருந்தது. பெயரும் தேதியும் மட்டும் நிரப்ப வேண்டும். பேனாவோ நின்று நின்று எழுதியது. மறதியால் நடந்தது என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன் அக்கா. அது பொய் என்று தெரிந்தேதான் போட்டேன். எஞ்சின் வேண்டுமே. அதற்கும் கீழே பிறந்த ஊர். அங்கே சான் ரஃபேல் என்று அச்சாகி இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு கையெழுத்து.

பேனா தானாக நின்றதா, நான் நிறுத்தினேனா, தெரியவில்லை. அப்பா காதோரம், "போடு புள்ள, எஞ்சின் வந்தாப் போதும்," என்றார். நான் சான் ரஃபேலை அடித்துவிட்டு மேலே பபூன் துறை என்று எழுதினேன். பேனா விட்டுவிட்டு எழுதியதால் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது.

தெனியென்தே உரக்கப் படித்தான். "பபூனா? குரங்குங்க மத்தியிலயா பொறந்த?"

"ஆமா சார். அதுங்கதான் எங்கள எழுப்பிவிடும்."

இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "கேப்டன், உங்க பொண்ணுக்கு எங்க பொறந்தோம்னே தெரியல. அவ அம்மாகிட்ட கேட்டுட்டு வரச் சொல்லுங்க," என்றான்.

அம்மா எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது, பாவம். துறைக்குப் பின்னால் மாமரத்தடியில் இருக்கிறாள் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

அப்பா தொப்பியைக் கழற்றினார். குரலை உயர்த்தவில்லை.

"சார், நான் உங்க கரையில பொறந்தவன். எங்கம்மா தங்கம் அலசப் போன எடத்துல வலி வந்திருச்சு. அத நான் யாருகிட்டயும் மறச்சதில்ல. எனக்கு எழுதணும்னா உங்க ஊர் பேரையே எழுதிக்கங்க, கையெழுத்துப் போடுறேன். இவ பபூன் துறையில பொறந்தவ. தொப்புள்கொடிய அறுத்தது நான். மூத்தவ வெளக்குப் பிடிச்சா. அத மாத்தி எழுத என் கையும் வராது, அவ கையும் வராது."

அந்த விளக்கை நீ பிடித்தாய் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஏன் சொல்லவே இல்லை?

தெனியென்தே பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தான். பிறகு, "வியாழக்கிழம வாங்க. புது ஃபாரம் தர்றேன். அடித்தல் இல்லாம நிரப்பினா எஞ்சின். இல்லன்னா துடுப்புதான். பேரு மேலயும் போகும், எழுதி அனுப்பிருவேன்," என்றான். ‘மேலே’ என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. போன வருடம் பெயர் மேலே போன ஒரு கேப்டன் மூன்று மாதம் கழித்துத்தான் வீடு வந்தார்.

நீரோட்டத்தோடு துடுப்புப் போட்டு வந்தும் வீடு சேர நாலு மணி நேரம். இஸ்மே அத்தைதான் வாய் ஓயாமல் வந்தாள். "இந்த வேகத்துக்கு என் கோழியே நீந்திப் போயி முட்டையும் வச்சிருக்கும்," என்றாள். நம்ம கொடி அப்படியே முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. அதை இறக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

இன்று சாயங்காலம் அப்பா டின்னைத் திறந்து அவர்கள் கொடியை எடுத்து என்னிடம் போட்டார். "தொவச்சுப் போடு," என்றார்.

"எதுக்குப்பா?"

"அவங்க துணி அவங்ககிட்டயே போகட்டும். அழுக்காக் குடுக்கக் கூடாது. இனிமே நம்ம படகுல ஒண்ணு போதும்."

துவைத்து, அடுப்புப் பக்கம் காயவைத்து, சூடான பானையால் தேய்த்து மடித்தேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அந்தத் துணிமேல் இல்லை.

"எஞ்சின் தரலன்னா?" என்று கேட்டேன்.

"ஒங்கக்கா பொறந்தப்ப என்கிட்ட என்ன எஞ்சின் இருந்துச்சு? கையி இருந்துச்சு." டின்னை மூடிவிட்டு, "நாளைக்குப் படகுல முன்னாடி உக்காருவியா, இல்ல வேற ஆளப் பாக்கவா?" என்றார்.

"உக்காருறேன்."

அவர் இப்போது கயிற்றுத் தூளியில் படுத்திருக்கிறார். குறட்டை வரவில்லை, அதனால் தூங்கவில்லை என்று தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. எஞ்சின் போய்விடும். அதைவிட, அப்பாவை அங்கேயே நிறுத்திவைத்துக்கொள்வார்களோ என்று பயம். காலையில் சிக்னல் வந்ததும் இதைப் படித்தால், மாலைவரை எங்களிடமிருந்து செய்தி வராவிட்டால், கடைக்காரருக்குப் போன் பண்ணு. அவர் நம்ம பக்கத்துப் போலீசுக்கு ரேடியோவில் சொல்வார்.

ஆனால் ஒன்றை முடிவு பண்ணிவிட்டேன். அந்த ஃபாரத்தில் நான் விட்டுவைத்த பொய் இன்னொன்று இருக்கிறது. மறந்தேன் என்ற வரி. புது ஃபாரத்தில் ஊர்ப் பெயரோடு அதையும் அடிக்கப் போகிறேன். அப்பாவுக்கும் அங்கே வைத்துத்தான் தெரியப்போகிறது. திட்டினால் திட்டட்டும்.

என் பேனாவையே எடுத்துப் போகிறேன். அவர்களுடையது நின்று நின்று எழுதுகிறது.

ஒனிக்கா